புழுங்கல் அரிசி சொன்ன விடை

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். நம்ம தோட்டத்துப் பாட்டிமார் உலையில் போட்ட புழுங்கல் அரிசிக்கும் மருத்துவ வரலாற்றுக்கும் என்ன தொடர்பு? யோசித்துப் பாருங்க.

1900-ஆம் ஆண்டு வாக்கில் மலாயாவை ஆட்டிப்படைத்த நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். ஆனால் தோட்டத் தமிழர்களிடம் இந்த நோய் அரிதாகவே காணப்பட்டது. ஏன்?

இந்த 'ஏன்' என்ற கேள்விக்கு ஒரே ஆள் விடை கண்டுபிடித்துவிடவில்லை. பலர், பல இடங்களில், பல வழிகளில் தேடினார்கள்.

முதல் வழி, பதிவுகளை ஒப்பிடுவது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், யாருக்கு நோய் வருகிறது, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசியைச் சாப்பிட்டார்கள். தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதினார். நோய்க்குக் காரணம் அரிசி என்றது சரி. நஞ்சு என்றது தவறு.

இரண்டாம் வழி, சோதித்துப் பார்ப்பது. 1905-இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய். அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். ஆனாலும், காரணம் நஞ்சா, சத்துக் குறைவா என்று பிளெட்சரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் வழி, களமும் ஆய்வுக்கூடமும் சேர்வது. 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், 1907-இல் நெகிரி செம்பிலான் காட்டுப் பகுதியில் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் ஆய்வைத் தொடங்கினர். வெள்ளை அரிசி சாப்பிட்ட குழுவுக்கு நோய் வந்தது; அரிசியை மாற்றியதும் நின்றது. பிறகு கோழிகளை வைத்துச் சோதித்தார்கள். அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்று காட்டினார்கள். அது இன்று நாம் 'வைட்டமின் பி1' என்று சொல்லும் சத்து. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது இந்தச் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இதெல்லாம் தெரியாமலேயே நம்மவர்கள் பிழைத்திருக்கிறார்கள்!

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மருத்துவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். காப்பகத்தில் இறந்த அந்த 18 பேரின் பெயர்? "இந்தச் சோதனைக்குச் சம்மதமா" என்று அவர்களிடம் கேட்டிருந்தாலும், சிந்தித்துப் பதில் சொல்லக்கூடிய நிலையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சாலை போட்ட ஜாவானியர்களோ, கிடைத்த சோற்றைச் சாப்பிட்டவர்கள். இந்த ஆராய்ச்சி பல உயிர்களைக் காத்தது உண்மை. அதற்கு விலை கொடுத்தவர்கள் அட்டவணையில் வெறும் எண்களாக நின்றுவிட்டதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு.

மாணவர்களே, தேர்வில் "இன்னார் கண்டுபிடித்தார்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீங்க. யார் என்ன கேட்டார்கள், எப்படிச் சோதித்தார்கள், எதில் தவறினார்கள், அடுத்தவர் அதை எப்படித் திருத்தினார் என்று படிப்படியாக எழுதுங்கள். ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு பிடி புழுங்கல் அரிசியையும் ஒரு பிடி பச்சரிசியையும் மேசைமேல் வைத்துப் பாடத்தைத் தொடங்கிப் பாருங்கள். கேள்விகள் பிள்ளைகளிடமிருந்தே வரும்.