மேடையின் அடிக்குரல்

கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி கேட்டுத் திரும்புவோருக்குப் பாடகரின் குரல் நினைவிருக்கும். பேஸ் கிதார் வாசித்தவரின் முகம்கூட நினைவிருக்காது. ஆளுயர டபுள் பேஸின் பணியைத் தோளில் மாட்டும் கருவிக்கு மாற்றி, 1951இல் லியோ ஃபெண்டர் சந்தைக்குக் கொணர்ந்த பேஸ் கிதாருக்குத் தந்திகள் நான்கே. தாளத்தையும் சுரத்தையும் பிணைப்பது அதன் வேலை.

தமிழகத்தில் குழுமேடையே ஒரு பள்ளி. பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் சேர்ந்த இளையராஜா, ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊர் ஊராக வாசித்த பின்னரே சென்னை வந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளியாயிற்று. அவருடைய பாடல்கள் பலவற்றில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். அவற்றை மேடையேற்றிய பகுதிநேரக் கலைஞர், ஆதார சுரத்தை மட்டும் மீட்டித் தப்பிக்க இயலாது. பகல் அலுவல் முடிந்தபின் ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பாடலுக்கடியில் புதைந்த வரிசையைச் செவியாலேயே பிரித்தெடுக்க வேண்டும். ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரையே பலர் அறியார். மேடைக் கலைஞரை யார் அறிவார்?

பின்னாளில் கீபோர்டின் இடக்கையும் முன்பதிவு செய்த இசைத்தடமும் பல மேடைகளில் அவர்தம் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கேட்டே கற்ற அத்தலைமுறை நம்மிடையே இருக்கும்போதே, ஊர்தோறும் அவர்களைக் கேட்டு எழுதிவைப்பதே இசை வரலாற்றுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.