லொம்பார்டியில் மார்பக அறுவை: தன்சீனி முதல் தொயேஸ்கா வரை

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையின் வரலாற்றைப் பெரும்பாலான நூல்கள் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கி அங்கேயே நீண்ட நேரம் நின்றுவிடுகின்றன. ஆனால் எவ்வளவு வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தை எதைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்னும் இரு வினாக்களையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, வட இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த பவியா, மிலான் ஆகிய இரு நகரங்களே மிகுந்த சான்றுகளைத் தருகின்றன.

பவியா பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியரான இஜினியோ தன்சீனியின் காலத்தில், பால்டிமோரின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-இல் 50 நோயாளிகளின் விவரங்களுடன் வெளியிட்ட முறை உலகெங்கும் பரவத் தொடங்கியிருந்தது. புற்றுநோய் நிணநீர் வழியாகப் படிப்படியாகவே பரவுகிறது என்ற கருத்தின்படி, மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் ஆகிய அனைத்தையும் ஒரே திரளாக அகற்றுவதே அம்முறையாகும். விலா எலும்புகள் துருத்தித் தெரியும் குழிந்த மார்பும், நிணநீர் வடிய வழியின்றி வீங்கிய கையும் பல பெண்களுக்கு எஞ்சின. அகற்றிய தோலின் பரப்பு அகன்றிருந்ததால், புண்ணின் இரு விளிம்புகளையும் இழுத்துத் தைக்க இயலாத நிலையும் அடிக்கடி நேர்ந்தது.

தோலை மிச்சப்படுத்துவது ஆபத்து என்பதில் தன்சீனிக்கும் ஐயமில்லை. அவர் தேடியது புண்ணை மூடும் வழியை மட்டுமே. 1896-இல் அவர் முதுகுத் தோலின் ஒரு பகுதியை, ஒரு முனை உடலோடு ஒட்டியிருக்குமாறு விட்டு, முன்புறம் திருப்பித் தைத்தார். இவ்வாறு இரத்த ஓட்டம் அறாமல் இடம் பெயர்க்கப்படும் திசுவை மடல் என்பர். அந்த மடலின் நுனி அழுகியதால், அதன் காரணத்தை உடற்கூற்றியலில் தேடியபோது, அத்தோலுக்கு உணவளிக்கும் நுண்குழாய்கள் அடியிலுள்ள அகன்ற முதுகுத் தசையைத் துளைத்துக்கொண்டே மேலே வருகின்றன என்பது புலப்பட்டது. அத்தசைக்குரிய இரத்தக் குழாய் அக்குளிலிருந்து இறங்குவதால், அக்குளை அச்சாகக் கொண்டு தசையையும் தோலையும் ஒருசேர முன்னே சுழற்றலாம் என்று 1906-இல் அவர் எழுதினார்.

இவ்வளவு தெளிவான ஒரு கண்டுபிடிப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் மறக்கப்பட்டது வியப்புக்குரியது. புண்ணை மடலால் மூடுவதை ஹால்ஸ்டெட் ஏற்கவில்லை; அவருடைய சொல்லுக்கு இருந்த செல்வாக்கின் முன் பவியாவின் குரல் எடுபடவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. 1970-களில் ஜெர்மானிய மருத்துவர்கள் அதே மடலை மீண்டும் கண்டடைந்தபோது, ஹூஸ்டனில் 1962-இல் உருவான சிலிகான் பையும் கைவசம் இருந்தது. புண்ணை மூடுவதற்காகப் பிறந்த மடல், அப்பையைப் போர்த்தி மார்பகத்தை மீட்டுருவாக்கும் கருவியாயிற்று.

இதற்கிடையில் மிலானில் எவ்வளவு வெட்டுவது என்னும் முதல் வினா புதிய முறையில் எழுப்பப்பட்டது. அந்நகரின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த உம்பெர்த்தோ வெரோனேசி, 1973 முதல் 1980 வரை, கட்டியின் அளவு 2 சென்டிமீட்டருக்கு மிகாத 701 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்டெட் முறையும், மற்றவர்களுக்குக் கட்டி இருந்த கால்பகுதியை மட்டும் நீக்கி அக்குள் கணுக்களை அகற்றிக் கதிர்வீச்சு அளிக்கும் முறையும் கையாளப்பட்டன. 20 ஆண்டுகள் கழித்து, 2002-இல் வெளியான முடிவின்படி, பகுதி நீக்கம் பெற்ற 352 பேரில் 30 பேருக்கும், முழு நீக்கம் பெற்ற 349 பேரில் 8 பேருக்கும் அதே மார்புப் பகுதியில் நோய் திரும்பியிருந்தது. ஆனால் உயிர் பிழைத்தோரின் விகிதத்தில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் நடத்திய ஆய்வுகளும் இதையே காட்டின. பல தலைமுறை மாணவர்கள் வேதவாக்காய்க் கற்ற ஒரு முறையை, உரிய ஒப்பீட்டுக்கு முதலில் உட்படுத்தியிருந்தால் எத்தனை தசைகள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்ற கேள்வி இங்கு எழாமல் இராது.

முழு நீக்கம் தேவைப்படும் பெண்கள் அதன் பின்னரும் இருந்தனர். அவர்களுக்காக, தன்சீனி துணிந்து வெட்டி எறிந்த தோலையே காக்கும் முறை 1991 முதல் 'தோல் காக்கும் நீக்கம்' என்ற பெயரில் வழங்கியது; பின்னர் முலைக்காம்பும் காக்கப்பட்டது. உள்ளிருக்கும் சுரப்பித் திசுவை மட்டும் குடைந்தெடுத்து, தோலுறைக்குள் சிலிகான் பையையோ வயிற்றுக் கொழுப்பையோ வைப்பதால், மீட்டுருவாக்கம் எளிதாயிற்று. எனினும் மார்பின் மீதே விழும் வெட்டுத் தழும்பு எஞ்சியது. 1990-களில் ஜப்பானிய மருத்துவர்கள் உள்நோக்கிக் குழாயின் துணையுடன் அக்குள் வழியே இப்பணியைச் செய்யத் தொடங்கினர்.

வெரோனேசி நிறுவி 1994-இல் செயல்படத் தொடங்கிய மிலானின் ஐரோப்பியப் புற்றுநோயியல் நிறுவனத்தில், அந்தோனியோ தொயேஸ்கா இதே வேலைக்கு ரோபோக் கரங்களைப் பயன்படுத்தினார். அக்குளின் அருகே சிறு கீறல் இட்டு, கரியமில வாயுவைச் செலுத்தித் தோலைச் சுரப்பியிலிருந்து உயர்த்தி, கிடைத்த வெளியில் கருவிகளை இயக்கி, அதே துளை வழியே திசுவை வெளியே எடுத்துச் சிலிகான் பையை உள்ளே வைப்பது அவரது முறையாகும். 2015-இல் இதன் முதல் அறிக்கை வெளிவந்தது. ஆனால் 2019 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மார்பக நீக்கத்தில் ரோபோக் கருவிகளின் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை என எச்சரித்தது. வயிற்று அறுவையில் தேறிய கருவி என்பதாலேயே புற்றுநோயிலும் அது தேறிவிடும் என்று கொள்வதற்கில்லை.

மிலான் குழு 80 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, திறந்த அறுவையையும் ரோபோ அறுவையையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ரோபோ முறைக்கு 1 மணி 18 நிமிடம் கூடுதலாகத் தேவைப்பட்டது. சிக்கல்கள் இரு பிரிவிலும் ஒத்திருந்தன. தம் உடல் தோற்றம் குறித்த பெண்களின் மனநிறைவு ரோபோ பிரிவில் கூடியிருந்தது. அதுவரை யாருக்கும் அதே மார்புப் பகுதியில் நோய் திரும்பவில்லை. ஆனால் அவர்கள் கண்காணிக்கப்பட்ட காலம் சுமார் இரண்டரை ஆண்டுகளே. அதே நகரில் வெரோனேசி தம் நோயாளிகளைத் தொடர்ந்தது 20 ஆண்டுகள்.