உக்ரைனிய மொழியும் ரஷ்ய மொழியும் ஒன்றா? ரொட்டியின் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடித்த கதை!

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த நேரம். சந்தேகப்படும் ஆட்களிடம் உக்ரைனியர்கள் ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அந்தச் சொல் 'பல்யனித்ஸ்யா'. உருண்டையான ஒரு வகை ரொட்டியின் பெயர் அது. ரஷ்ய மொழி மட்டுமே பேசிப் பழகிய நாக்குக்கு இந்த உச்சரிப்பு லேசில் வராது. 2024-ல் உக்ரைன் தயாரித்த ஓர் ஆயுதத்துக்கும் இதே ரொட்டியின் பெயரைத்தான் வைத்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்று பலரும் கேட்பதுண்டு. இல்லை என்பதுதான் பதில்.

ஒரே வேர், தனித்தனிக் கிளை

உக்ரைனியம், ரஷ்யம், பெலாரஷ்யம் மூன்றும் கிழக்கு ஸ்லாவிய மொழிகள். ஆனால் உக்ரைனியச் சொற்கள் பல போலிஷ் மொழிக்கு நெருக்கமானவை. 'நன்றி' என்பதற்கு ரஷ்யத்தில் 'ஸ்பசீபா', உக்ரைனியத்தில் 'த்யாகுயு', போலிஷில் 'ஜென்குயே'. எது எதற்குச் சொந்தம் என்று காதே சொல்லிவிடும்.

இரண்டுக்கும் சிரிலிக் எழுத்துதான், தலா 33 எழுத்துகள். ஆனாலும் ரஷ்யத்தில் இல்லாத 4 எழுத்துகள் உக்ரைனியத்தில் உண்டு.

ரஷ்யத்தில் 'ல்வோவ்', 'கார்கோவ்' எனப்படும் நகரங்கள் உக்ரைனியத்தில் 'ல்விவ்', 'கார்கிவ்'. பல சொற்களில் 'ஓ' வரும் இடத்தில் 'இ' வருவது இந்த மொழியின் அடையாளம். ஒருவரைக் கூப்பிடும்போது பெயரின் கடைசி மாறும் விளி வேற்றுமையும் இதில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மாதத்தின் பெயரில் இயற்கை

ரஷ்ய மொழி ஜனவரி, பிப்ரவரி போன்ற லத்தீன் பெயர்களை எடுத்துக்கொண்டது. உக்ரைனியத்தில் பழைய ஸ்லாவியப் பெயர்களே நீடிக்கின்றன. பிப்ரவரி 'லியூத்தி', அதாவது கடுமையானது. ஏப்ரல் பூ பூக்கும் மாதம். ஆகஸ்ட் 'செர்பென்', அரிவாளின் மாதம், அறுவடைக் காலம். நவம்பர் 'லிஸ்தபாத்', இலை உதிர்வு.

தடை போட்ட பேரரசு

1798-ல் கோத்லியாரெவ்ஸ்கியின் 'எனெய்தா' மக்கள் பேச்சு மொழியில் அச்சாகி, நவீன உக்ரைனிய இலக்கியத்தைத் தொடங்கி வைத்தது. 1840-ல் தாராஸ் ஷெவ்சென்கோவின் 'கோப்சார்' வந்தது. பண்ணையடிமையாகப் பிறந்த இவர் 1847-ல் கைதாகி நாடு கடத்தப்பட்டார். எழுதவும் வரையவும்கூட அவருக்குத் தடை.

1863-ல் ரஷ்ய உள்துறை அமைச்சர் வலுயேவ், இப்படி ஒரு தனி மொழியே கிடையாது என்ற வாதத்தோடு, உக்ரைனியத்தில் சமய நூல்களையும் பாடநூல்களையும் அச்சிடுவதை நிறுத்தினார். 1876-ல் இரண்டாம் அலெக்சாண்டர் போட்ட எம்ஸ் ஆணை புத்தகம், நாடகம், வெளிநாட்டிலிருந்து வரும் நூல் என எல்லாவற்றின் மீதும் பாய்ந்தது. அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த ல்விவ் நகரம்தான் உக்ரைனிய எழுத்துக்குப் புகலிடம் ஆனது.

சோவியத் காலத்தில் ஓர் எழுத்தே காணாமல் போனது. 'க' ஒலிக்கான 'கே' என்ற எழுத்து 1933-ல் நீக்கப்பட்டு, 1990-ல்தான் திரும்பி வந்தது.

இப்போது என்ன நிலை?

1989-ல் உக்ரைனியம் அரசு மொழியானது. 1996 அரசியலமைப்பும் அதை உறுதி செய்தது. 2001 கணக்கெடுப்பில் 67.5 சதவீதம் பேர் அதைத் தாய்மொழி என்றார்கள். ரஷ்யா பிடித்துள்ள மரியுபோலில், இரட்டைப் புள்ளி வைத்த 'யி' எழுத்தைச் சுவர்களில் எழுதி எதிர்ப்பைக் காட்டினார்கள். ரஷ்ய எழுத்துவரிசையில் அந்த எழுத்து கிடையாது.