காணாக்கடியைக் கண்டறிந்த கதை

மார்கழி விடியலில், திருமழபாடியை ஒட்டி ஓடும் கொள்ளிடத்தில் ஒருவர் முழுகி எழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையேறிய சில நிமிடங்களில் உடலெங்கும் சிவந்த தடிப்புகள். தாங்க முடியாத அரிப்பு! ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் சுவடின்றி மறைகின்றன. மறுநாள் குளித்தால் மீண்டும் அதே தொல்லை.

கண்ணில் படாத ஏதோ கடித்துவிட்டது என்னும் பொருளில் நம் மக்கள் இதைக் 'காணாக்கடி' என்பர். மேனாட்டு மருத்துவர் வைத்த பெயர் 'அர்ட்டிகேரியா'. நம் காஞ்சொறியைப் போல, பட்டால் அரிக்கும் 'அர்ட்டிகா' என்னும் செடியின் பெயரிலிருந்து வந்தது அது.

சரி, கடித்தது எது? குளிர், வெப்பம், வெயில், உராய்வு போன்ற பௌதிகக் காரணங்களாலும் சிலருக்குத் தடிப்பு உண்டாகிறது என்று 1924-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டியூக் எடுத்துக்காட்டினார். லண்டனில் தாமஸ் லூயிஸ், தோலைக் கீறியும் சூடுபடுத்தியும் ஆராய்ந்தார். தாக்குண்ட தோலே ஹிஸ்டமினை ஒத்த ஒரு பொருளை வெளியிடுகிறது என்று 1927-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அப்பொருள் நுண்ணிய இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. அவற்றிலிருந்து நீர் கசிந்து தோல் தடிக்கிறது.

ஹிஸ்டமின் இருக்கும் இடம் எது? 1878-இல் பால் எர்லிக் விவரித்த மாஸ்ட் செல்களே அதன் களஞ்சியம் என்று 1953-இல் ரைலியும் வெஸ்டும் நிறுவினர். ஆக, நாம் தேடிய 'பூச்சி' வெளியில் இல்லை. நம் தோலுக்குள்ளேயே இருந்தது!

இது வெறும் அரிப்போடு நின்றுவிடுவதில்லை. குளிர்ச்சியால் உடல் முழுவதும் பாதிக்கப்பட்ட ஆறு நோயாளிகளைப் பற்றி 1929-இல் ஹார்ட்டனும் பிரௌனும் எழுதினர். குளிர்ந்த நீரில் உடல் முழுவதும் அமிழும்போது ஹிஸ்டமின் பெருமளவில் வெளிப்பட்டால் இரத்த அழுத்தம் சட்டென்று தாழும், மயக்கம் வரும். தரையில் மயங்கியவரைத் தூக்கிவிடலாம். ஆற்று நடுவில் மயங்கினால்? நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிவிடுவார்.

குளிர்தான் காரணமா என்று அறிய மருத்துவர் செய்யும் சோதனை மிக எளியது. பனிக்கட்டியை மெல்லிய பையிலிட்டு முன்கையில் ஐந்து நிமிடம் வைப்பார். எடுத்த சில நிமிடங்களில் அவ்விடம் தடித்தால் காரணம் புலனாகிவிடும். 1937-இல் போவேயும் ஸ்டாபும் தொடங்கிவைத்த ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளின் வழிவந்தவையே இன்று இதற்குத் துணை நிற்கின்றன.

குளித்தபின் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இவ்வாறு தடிக்கிறதா? மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஆற்றிலும் கிணற்றிலும் குதிக்காதீர்கள். கரையில் நின்று, வெந்நீர் கலந்து குளிப்பதே நல்லது.