'நான்' தளரும்போது

வடசென்னையில், முகத்துவாரக்குப்பம் முதல் ராயபுரம் வரை, 'கீழ்ப்பாக்கம்' என்பது ஒரு பேட்டையின் பெயர் மட்டுமன்று, வசவுமாகும். 1794இல் மருத்துவர் வாலன்டைன் கானலி பொறுப்பில் தொடங்கிய மனநலக் காப்பகம் 1871இல் அங்கே குடியேறியதன் விளைவு அது.

நோய்க்குப் பெயர் வந்தது பின்னர்தான். 1908இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் 'ஸ்கிசோஃப்ரீனியா' என்றார். நாம் 'மனச்சிதைவு' என்கிறோம். இரண்டும் மனத்தையே சுட்டுகின்றன. 1913இல் கார்ல் யாஸ்பர்ஸ் கருதியதோ 'நான்' என்னும் உணர்வை. என் செயலைச் செய்பவன் நானே; இக்கணத்தில் நான் ஒருவனே; நேற்றிருந்தவனும் நானே; புறவுலகிலிருந்து நான் வேறு. மூச்சைப் போல இந்நான்கையும் நாம் கவனிப்பதேயில்லை. நோயுற்றோர் பலருக்கு இவை தளர்கின்றன. தம் எண்ணத்தைப் பிறர் உள்ளே வைத்ததாகச் சொல்வர். நினைத்தது ஊருக்கே கேட்டுவிட்டதென அஞ்சுவர். (தன்மையும் படர்க்கையும் பிரிந்தே நிற்பது எத்தகைய பேறென்பதை இலக்கணம் நடத்துகையில் எண்ணிக்கொள்வேன்.) நடிப்பென்றோ பேயென்றோ இதை ஒதுக்குவோர் அந்த அச்சத்தைக் காண்பதில்லை.

அந்த 'நான்' அடியோடு அழிந்துவிடுவதுமில்லை. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராயிருந்த சாரதா மேனன், 1984இல் மறுவாழ்வுக்கென 'ஸ்கார்ஃப்' அமைப்பை நிறுவினார். 1981இல் சென்னையில் தொடங்கிய ஆய்வொன்று, முதன்முறை நோயுற்ற 90 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அவர்களுள் பலர் வேலை பார்த்தனர், மணம் புரிந்தனர்.