சிரட்டைக்கரியும் சீமெந்துப் புகையும்: ஓட்டைகளின் வரலாறு

நீளமான பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

"சேர், நுரைச்சோலைப் புகையைப் பிடித்து எங்கேயாவது அடைத்து வைக்க ஏலாதா?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்கான பதிலைத் தேடி மனிதன் கிட்டத்தட்ட 250 வருடங்கள் நடந்திருக்கிறான். அந்த நடை தொடங்குவது நம் அடுப்படியில் கிடக்கும் கரியில்தான்.

கரி வாயுவைப் பிடித்து வைக்கும் என்பதை 1773இல் சுவீடனைச் சேர்ந்த ஷீலே என்ற இரசாயனவியலாளர் கவனித்தார். சில வருடங்களில் இத்தாலியரான பொன்டானாவும் அதையே கண்டார். கரி வாயுவைப் பஞ்சு தண்ணீரைக் குடிப்பது போலக் குடிப்பதில்லை. வாயு மூலக்கூறுகள் கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. நமது பாடநூல் இதைப் புறத்துறிஞ்சல் என்று சொல்லும். ஒட்ட இடம் வேண்டுமல்லவா? நன்றாகத் தயாரித்த ஒரு கிராம் கரியின் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீற்றர் வரும். நம் கணக்கில் 40 பேர்ச் காணி. ஒரு கிராமுக்குள்!

1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜேர்மன் படை குளோரீன் வாயுவைத் திறந்துவிட்டது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு தப்ப முடியாத ஒரு புதிய யுத்தம் அது. அதே வருடம் ரஷ்ய விஞ்ஞானி செலின்ஸ்கி, கரி நிரப்பிய முகமூடியைச் செய்தார். பிறகு எந்தக் கரி சிறந்தது என்று நேச நாடுகள் தேடியபோது முன்னுக்கு வந்தது தேங்காய்ச் சிரட்டை. சிரட்டை கடினமானது, அடர்த்தியானது. அதைச் சுட்டால் மிக நுண்ணிய ஓட்டைகள் கிடைக்கும். அமெரிக்காவில் சிரட்டை போதாமல் 1918இல் பீச் பழக்கொட்டைகளையும் கொட்டை ஓடுகளையும் சேர்த்துத் தரும்படி பொதுமக்களைக் கேட்டார்கள். இன்று தண்ணீர் வடிகட்டவும் தங்கம் பிரிக்கவும் உலகம் வாங்கும் சிரட்டைக்கரியில் நமது நாட்டுக்கு முக்கிய பங்கு உண்டு. குருநாகல், புத்தளம் பக்கம் சிரட்டை சுடும் குழிகளைக் கண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கரிக்கு ஒரு குறை இருக்கிறது. அதன் ஓட்டைகள் ஒரே அளவில் இல்லை. காபனீரொட்சைட்டையும் நைதரசனையும் சரியாகப் பிரிக்க ஒழுங்கான ஓட்டைகள் வேண்டும்.

அந்த ஒழுங்கு கல்லில் கிடைத்தது. 1756இல் குரொன்ஸ்டெட் என்ற சுவீடன் கனிமவியலாளர் ஒருவகைக் கல்லைச் சூடாக்கினார். கல்லிலிருந்து நீராவி கிளம்பியது. "கொதிக்கும் கல்" என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குச் சீயோலைட்டு என்று பெயர் வைத்தார். இருநூறு வருடங்கள் கழித்து, 1949 அளவில், யூனியன் கார்பைட் நிறுவனத்தின் ரொபர்ட் மில்டன் இந்த வகைக் கற்களை ஆய்வுகூடத்திலேயே செய்தார். ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவு. மாச்சல்லடை மாவைப் பிரிப்பது போல இவை மூலக்கூறுகளைப் பிரித்தன. 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் வீரர்கள் வெளிவிட்ட காபனீரொட்சைட்டைப் பிடித்தது சீயோலைட்டுத்தான். நிரம்பியதும் விண்வெளி வெற்றிடத்துக்குத் திறந்து விடுவார்கள், வாயு போய்விடும், கல் மறுபடியும் தயார்.

அப்படியென்றால் ஆலைப் புகைபோக்கியிலும் இதையே வைக்கலாமே என்று கேட்பீர்கள். சிக்கல் நீராவியில் இருக்கிறது. ஆலைப் புகை ஈரமானது. சீயோலைட்டுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. பஸ்ஸில் எல்லா ஆசனங்களிலும் தண்ணீர் ஏறி உட்கார்ந்துவிட்டால் காபனீரொட்சைட்டு நின்றுகொண்டு போகவும் இடமில்லை. புகையை முதலில் உலர்த்த வேண்டும். அது செலவு. 1930இல் காப்புரிமை பெற்ற அமீன் திரவ முறை ஈரத்துக்குப் பயப்படாது. ஆனால் பிடித்த வாயுவைத் திரும்ப வெளியே எடுக்க அந்தத் திரவத்தைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மின்நிலையம் தன் சக்தியில் ஒரு பங்கைத் தன் புகைக்கே கொடுக்க வேண்டிய நிலை.

அடுத்த அடியை வைத்தவர் ஓர் ஆசிரியர். 1974இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரொப்சன் மாணவர்களுக்காக மரப்பந்துகளால் மூலக்கூறு மாதிரிகள் செய்துகொண்டிருந்தார். பந்துகளில் எந்த இடத்தில் ஓட்டை போடுவது என்று குறித்துக் கொடுக்கும்போது அவருக்கு ஒன்று உறைத்தது. ஓட்டையின் இடம் சரியாக இருந்தால் மாதிரி தானாகவே சரியான வடிவத்துக்கு வருகிறது. உண்மையான அணுக்களையும் இப்படிக் கோக்கலாமா? அந்த எண்ணத்தைப் பத்து வருடங்களுக்கு மேல் மனதில் வைத்திருந்து, 1989இல் செப்பு அயன்களையும் நான்கு கை கொண்ட மூலக்கூறையும் இணைத்து, உள்ளே பெரிய வெற்றிடங்கள் உள்ள பளிங்கைச் செய்து காட்டினார். கற்பித்தல் உபகரணம் செய்வதை வீண்வேலை என்று நினைக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள்.

ரொப்சனின் பளிங்குகள் எளிதில் உடைந்துவிடும். 1997இல் ஜப்பானின் சுசுமு கிட்டகவா, வாயு உள்ளே போய் வெளியே வந்தாலும் சிதையாத கட்டமைப்புகளைச் செய்தார். 1999இல் ஒமர் யாகி செய்தது இன்னும் உறுதியானது. அதில் சில கிராமுக்குள் ஓர் உதைபந்தாட்ட மைதானமளவு பரப்பு.

யாகி 1965இல் ஜோர்தானின் அம்மானில் பலஸ்தீன அகதிக் குடும்பமொன்றில் பிறந்தவர். மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லாத ஒற்றை அறை வீடு. பத்து வயதில் பாடசாலை நூலகத்துக்குள் புகுந்து எடுத்த புத்தகத்தில் மூலக்கூறுகளின் படத்தைப் பார்த்து மயங்கியவர். பதினைந்து வயதில் வாப்பாவின் சொல்லைக் கேட்டு அமெரிக்கா போனார். 2025 ஒக்டோபர் 8ஆம் திகதி இரசாயனவியலுக்கான நோபல் பரிசு இம்மூவருக்கும் அறிவிக்கப்பட்டது.

சரி, புகைக்கு என்ன வழி? கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஷிமிசு குழுவினர் நாகத்தை வைத்து கல்ப்-20 என்ற பொருளைச் செய்தார்கள். புகையில் ஈரம் ஓரளவு இருந்தாலும் அது முதலில் காபனீரொட்சைட்டுக்கே இடம் கொடுக்கிறது. 2021இல் விவரம் வெளியானது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள ஒரு சீமெந்து ஆலையில் நாளொன்றுக்கு ஒரு தொன் அளவில் பரீட்சித்துப் பார்த்தார்கள்.

ஏன் சீமெந்து? அருவக்காட்டிலிருந்து புத்தளத்துக்குப் புகையிரதத்தில் சுண்ணாம்புக்கல் வருவதைப் பார்த்திருப்பீர்கள். 100 கிராம் கல்சியம் காபனேற்றைச் சுட்டால் 44 கிராம் காபனீரொட்சைட்டாகப் போகும். அடுப்பைச் சூரிய சக்தியில் எரித்தாலும் இந்த 44 கிராம் குறையாது. வாயு கல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே சீமெந்துக்குப் பிடித்து வைப்பதைத் தவிர வேறு வழி குறைவு. நிலக்கரி மின்சாரம் அப்படியல்ல. அதற்குக் காற்றும் வெயிலும் பதிலாக நிற்கின்றன. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது.

நாளை யாராவது வந்து "புகையைப் பிடிக்க இயந்திரம் வந்துவிட்டது, நிலக்கரியை இன்னும் முப்பது வருடம் எரிக்கலாம்" என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது, நாளொன்றுக்கு எத்தனை தொன் பிடிக்கும்? ஒரு அலகு நிலக்கரி மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வரும். 900 மெகாவாற் நிலையம் ஒரு நாள் முழுக்க ஓடினால் இருபதாயிரம் தொன் அளவில். அந்தப் பரீட்சை ஒரு தொன்னில் நடந்தது. இரண்டாவது, பிடித்ததைப் பிரித்தெடுக்க எவ்வளவு சக்தி செலவாகும்? மூன்றாவது, அதை எங்கே வைப்பீர்கள்? நோர்வே 1996இலிருந்து ஸ்லைப்னர் வாயுவயலில் வருடத்துக்குப் பத்து இலட்சம் தொன் அளவில் கடலடிப் பாறைக்குள் இறக்கியிருக்கிறது. அதற்கேற்ற பாறை அங்கே இருந்தது.

இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவரோடு உட்கார்ந்து பேசலாம். இல்லாதவரிடம் கணக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைச் சரிபார்க்க நம் ஊரிலேயே நான்கு பிள்ளைகளாவது இரசாயனவியல் படித்திருக்க வேண்டும். உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் காலம் வருகிறது. "விஞ்ஞானப் பிரிவு கஷ்டம், டொக்டர் ஆக ஏலாவிட்டால் வீண்" என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பிவிடாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.