சிலெங் டெங் எக்ஸ்ட்ராவகன்சா

சிலெங் டெங் எக்ஸ்ட்ராவகன்சா என்பது 1985 ஆம் ஆண்டில் ஜமைக்காவில் வெளிவந்த ஒரு ரெகே இசைத் தொகுப்பு ஆகும். பிற்காலத்தில் கிங் ஜம்மி என அறியப்பட்ட பிரின்ஸ் ஜம்மி (இயற்பெயர்: லாயிட் ஜேம்ஸ்) இதனைத் தயாரித்தார். பாடகர் பலர் பாடிய இத்தொகுப்பில் பாடல்கள் அனைத்துக்கும் பின்னணி இசை ஒன்றே.

ஒரே தாளத்தில் பல பாடல்கள்

ரெகேயில் பேஸ் இசையும் முரசடியும் சேர்ந்த பின்னணி "ரிடிம்" எனப்படுகிறது. ஒரு பாடலுக்காகப் பதிவுசெய்யப்பட்ட ரிடிமின் மேல் வேறு பாடகர்கள் வேறு சொற்களையும் வேறு மெட்டையும் அமைத்துப் பாடுவது ஜமைக்காவில் வழக்கம். இது திருட்டாகக் கருதப்படுவதில்லை. இசைக்கலைஞர்களுக்கு ஒருமுறை கூலி கொடுத்துவிட்டால், தயாரிப்பாளர் அதே ஒலிநாடாவைக் கொண்டு பல பாடல்களை வெளியிடலாம். நடன அரங்குகளில் இசைத்தட்டுகளை இடைவெளியின்றி அடுத்தடுத்து ஒலிக்கச் செய்யவும் இது உதவியது. பின்னணி மாறாமையால் கேட்போரின் கவனம் குரலின் மீதும் சொல்லின் மீதும் செல்கிறது.

ரூப்பி எட்வர்ட்ஸ் 1974 இல் வெளியிட்ட "யமகா ஸ்காங்க்" இவ்வகைத் தொகுப்புகளில் முதலாவது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. யுனிக்ஸ் குழுவினரின் "மை கான்வர்சேஷன்" (1968) பாடலின் ரிடிம் அதில் பயன்பட்டது.

தாளத்தின் தோற்றம்

சிலெங் டெங் ரிடிமை எந்த இசைக்குழுவும் வாசிக்கவில்லை. காசியோ நிறுவனம் 1981 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எம்டி-40 என்னும் சிறிய மின்னணு விசைப்பலகையில் "ராக்" என்ற பெயரில் ஏற்கனவே பதிந்திருந்த தாளமே அது. பாடகர் வெயின் சிமித்தும் அவருடைய நண்பர் நோயல் டேவியும் அதனை ஜம்மியிடம் கொண்டு சென்றனர். ஜம்மி அதன் வேகத்தைக் குறைத்து, பியானோவையும் கைத்தட்டல் ஒலியையும் சேர்த்தார். இவ்வாறு உருவான பாடலே "அண்டர் மீ சிலெங் டெங்".

1985 பெப்ரவரி 23 அன்று கிங்ஸ்டன் நகரின் வால்தம் பார்க் சாலையில் பிளாக் ஸ்கார்ப்பியோ ஒலியமைப்புக் குழுவுடன் நடந்த போட்டியில் ஜம்மி இதனை ஒலிக்கச் செய்தார். பின்னர் ஜானி ஆஸ்போர்னின் "படி பை", டெனர் சாவின் "பம்ப்கின் பெல்லி" முதலிய பாடல்கள் இதே தாளத்தில் வந்தன. இன்றுவரை நூற்றுக்கணக்கான பாடல்கள் இதில் பதிவாகியுள்ளன.

விளைவுகள்

இத்தாளத்தின் வெற்றிக்குப் பின் ஜமைக்கத் தயாரிப்பாளர்கள் மின்னணுக் கருவிகளுக்கு விரைந்து மாறினர். செலவு குறைந்தது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடங்களில் நாட்கூலிக்கு வாசித்து வந்த முரசு, பேஸ் கலைஞர் பலர் வேலையை இழந்தனர். இத்தொகுப்பின் புகழைப் பேசுவோர் பலர் இதனைக் கூறுவதில்லை.

எம்டி-40 இன் தாளத்தை அமைத்தவர் ஒக்குடா ஹிரோக்கோ என்னும் ஜப்பானியப் பெண் ஆவார். இவர் குனிட்டாச்சி இசைக் கல்லூரியில் ரெகே பற்றி ஆய்வேடு எழுதிவிட்டு 1980 இல் காசியோவில் சேர்ந்தவர். ஆயினும் இத்தாளத்தை அவர் ரெகேக்காக அமைக்கவில்லை. பிரித்தானிய ராக் பாடல் ஒன்றே தமக்குத் தூண்டுதலாக இருந்தது எனப் பேட்டிகளில் கூறியுள்ளார்.  தாளத்தைப் பயன்படுத்தியோரிடம் காசியோ நிறுவனம் பணம் கோரவில்லை.